அடுத்த பொதுக்குழுவுக்கு மூன்று தீர்மானங்கள்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்:

குழாயைச் சரியாக மூடுங்கள், கடைக்குப் பை எடுத்துப் போங்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று தனி ஆட்களுக்குச் சொல்லப்படும் புத்திமதிகளுக்குக் குறைவே இல்லை. எல்லாம் சரியான புத்திமதிகள்தான். இருந்தும் இந்த மடலைத் தனி ஆட்களுக்கு எழுதாமல் சங்கங்களுக்கு எழுதுகிறேன். அடுக்குமாடியில் வாழ்கிறவருடைய நல்ல பழக்கம் அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் சங்கத்தின் கைக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது மாடியில் ஓர் அம்மா காய்கறித் தோலைத் தனியாகவும் பால் கவரைத் தனியாகவும் எடுத்து வைக்கிறார். காலையில் வரும் ஹவுஸ்கீப்பிங் பெண்ணிடம் இருப்பதோ ஒரே ஒரு பெரிய கறுப்புப் பை. இரண்டும் அதிலேயே விழுகின்றன. இரண்டாவது மாடியில் ஒருவர் ஷவரைத் திறக்காமல் வாளியில் பிடித்துக் குளிக்கிறார். மாதக் கடைசியில் தண்ணீர் லாரிச் செலவு சதுர அடிக் கணக்கில் எல்லோர் தலையிலும் ஏறுகிறது; வாளிக்காரருக்கும் அதே வீதம், பாத்டப் வைத்திருப்பவருக்கும் அதே வீதம். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அதனாலேயே அங்கே பெய்யும் மழை எங்கே போகிறது என்று பார்க்க ஆள் இல்லை.

நல்லெண்ணம் வீட்டுக்குள் பிறக்கிறது. அதைச் செல்லுபடியாக்குவதும் செல்லாக்காசாக்குவதும் உங்கள் தீர்மானப் புத்தகம். பெயின்ட் அடிக்கவும் லிஃப்ட் பழுதுபார்க்கவும் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை மழைக்கும் குப்பைக்கும் காட்டுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் மழை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது. அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், பெசன்ட் நகரில் சேகர் ராகவன் என்பவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, மொட்டை மாடி மழையைத் தெருவில் விடாமல் மண்ணுக்குள் இறக்குங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடற்கரையை ஒட்டிய பகுதி அது. நிலத்தடி நல்ல நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் கடல் நீர் வந்து சேரும். அன்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் சிலரே. பிறகு சட்டம் வந்தது, ஊர் முழுக்கக் குழி தோண்டப்பட்டது. இன்று உங்கள் கட்டட வரைபடத்தில் அந்தக் குழி அநேகமாக இருக்கும். கட்டடத்தில் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. உங்கள் மொட்டை மாடி 5,000 சதுர அடி என்றால், அதாவது ஏறக்குறைய 465 சதுர மீட்டர் என்றால், ஆறரை லட்சம் லிட்டர் அதன்மேல் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் சிதறியும் போனாலும் ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 43 லாரி. ஒரு லாரிக்கு நீங்கள் கொடுக்கும் தொகை உங்களுக்கே தெரியும்; பெருக்கிப் பாருங்கள்.

2019 கோடை மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஊரே அதைப் பெரிய செய்தியாகப் பேசியது. மேலே சொன்ன அளவில் ஐந்து மொட்டை மாடிகள் ஓராண்டில் பிடித்துக் கொடுக்கக்கூடிய மழை அந்த ஒரு ரயிலுக்குச் சமம். ஐந்து மொட்டை மாடிகள் உங்கள் தெருவிலேயே இருக்கும்.

என்ன செய்ய வேண்டும்? செப்டம்பர் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிளம்பரை வைத்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயையும் பின்தொடருங்கள். சில குழாய்கள் நேராகத் தெருக் கால்வாயில் முடியும். அவற்றைத் திருப்ப வேண்டும். சேகரிப்புக் குழியின் மூடியைத் திறந்தால் அநேகமாக மேலே காய்ந்த இலை, அதன் கீழே மொட்டை மாடியிலிருந்து வந்த சிமென்ட் கலந்த சேறு ஒரு கெட்டியான தகடு போல, அதற்கும் கீழே கூழாங்கல் என்று அடுக்கடுக்காக இருக்கும். அந்தச் சேற்றுத் தகடு தண்ணீரை இறங்க விடாது. அதைச் சுரண்டி எடுத்து, கூழாங்கல்லை வெளியே கொட்டி அலசி, திரும்பப் போட்டால் போதும். இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலை. இதை ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடும் சமாசாரம் அல்ல இது.

எல்லா மண்ணுக்கும் ஒரே குழி ஒத்துவராது. கடற்கரை மணலில் ஆழமில்லாத குழியே தண்ணீரைக் குடித்துவிடும். களிமண் பகுதியில் அப்படிப்பட்ட குழி வாரக்கணக்கில் தேங்கி நின்று கொசு வளர்க்கும். அங்கே சிமென்ட் உறை இறக்கி, களிமண்ணைத் தாண்டி நீர் இறங்கும் அடுக்குவரை போக வேண்டும். பழைய மனையாக இருந்து மூடிய கிணறு ஒன்று இருக்குமானால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். வடிகட்டி வைத்து மொட்டை மாடித் தண்ணீரை நேராக அதில் விடலாம். முதல் மழை மட்டும் புறா எச்சத்தையும் புழுதியையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட ஒரு வால்வு இருக்கட்டும். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் சோப்புப் போட்டுத் துணி துவைப்பதையும் வண்டி கழுவும் தண்ணீரைச் சேகரிப்புக் குழிப் பக்கம் விடுவதையும் சங்கம் தடுக்க வேண்டும்.

வருவதைச் சேர்ப்பது பாதி வேலை. போவதைக் கட்டுப்படுத்துவது மறுபாதி. எத்தனை லாரி வந்தது என்று வாட்ச்மேன் நோட்டில் இருக்கிறது. எந்த வீட்டில் எவ்வளவு செலவானது என்று எந்த நோட்டிலும் இல்லை. வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, செலவழித்ததற்கு ஏற்பப் பணம் வாங்குவதுதான் நேர்மையான வழி. பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் எனத் தனித்தனியே இறங்குவதால் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் தேவைப்படும். செலவு பிடிக்கும் வேலை என்பதை மறைக்கவில்லை. முடியாதவர்கள் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மீட்டராவது வைத்து, வாரக் கணக்கை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டலாம்.

கூடவே, ஒரு நாள் எல்லா வீட்டு ஃப்ளஷ் டேங்கையும் சோதியுங்கள். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட வேண்டும். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது, தண்ணீர் இரவும் பகலும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயே நாளுக்குச் சுமார் 20 லிட்டரைத் தின்றுவிடும். ஃப்ளஷ் கசிவு அதைவிடப் பெரியது. மோட்டார் போட்டுவிட்டு மறந்து டேங்க் நிரம்பி வழிவதைத் தடுக்க, மோட்டாரைத் தானாக நிறுத்தும் சென்சார் பொருத்தினால் தீர்ந்தது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் தரை துடைக்க ஆகும்.

இதில் காசு மட்டும் பேசினால் போதாது. நம் சம்ப்பில் கொட்டும் லாரித் தண்ணீரில் பெரும்பங்கு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களின் வயல் கிணறுகளிலிருந்து வருகிறது. நம் கட்டடத்தில் வழியும் டேங்க், வேறொருவர் ஊரில் கீழே இறங்கும் கிணறு.

அடுத்தது குப்பை. சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. பல பத்தாண்டுகளாக வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும் தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. பெருங்குடிக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று நினைவிருக்கிறதா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல். தென்சென்னையின் மழை வெள்ளத்தை வாங்கித் தேக்கிக் கடலுக்கு அனுப்பும் சதுப்பு அது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலக அளவில் முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமானது. அதே 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ சில நாட்கள் எரிந்து, சுற்றியிருந்த குடியிருப்புகளைப் புகையில் ஆழ்த்தியது.

குப்பை மேடு ஏன் எரிகிறது? நாம் கறுப்புப் பையில் கட்டிக் கொடுக்கும் சாதம், தோல், சக்கை எல்லாம் காற்றுப் புகாமல் அடியில் அழுகி மீத்தேன் வாயுவை விடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். மேலே காய்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் எரிபொருளாகிறது. ஈரமும் உலர்வும் சேர்ந்ததால் வந்த வினை. பிரித்துவிட்டால் ஒன்று உரம், மற்றொன்று காயலான் கடைச் சரக்கு. சேர்த்துக் கட்டினால் இரண்டாலும் பயனில்லை.

வீட்டுக்கு அரைக் கிலோ ஈரக் குப்பை என்றே வைத்துக்கொள்வோம். 24 வீடுகளில் நாளுக்கு 12 கிலோ. ஆண்டுக்கு நான்கு டன்னைத் தாண்டிவிடும். இது உங்கள் கேட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் குப்பையைப் பிரிக்க வேண்டும், மட்கும் குப்பையை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. உங்கள் கட்டடம் சிறியது என்பதற்காகச் செய்யக்கூடாது என்றில்லை.

“நாற்றம் வரும், எலி வரும்” என்று பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தப்பாகச் செய்தால் வரும். பக்கவாட்டில் காற்றுத் துளைகளும் எலி நுழையாத கம்பி வலையும் உள்ள இரண்டு தொட்டிகள் போதும். அடியில் சுள்ளியும் சருகும். அதன்மேல் அன்றைய ஈரக் குப்பை, நீர் வடித்து. அதே அளவுக்கு நொறுக்கிய சருகோ தென்னைநார்க் கழிவோ மேலே. ஒரு கை பழைய உரம் அல்லது புளித்த மோர் கொஞ்சம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். சரியாகப் போய்க்கொண்டிருந்தால் நடுவில் கையை வைத்தால் சுடும். உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, சருகைச் சேர்த்துக் கிளற வேண்டும். காய்ந்துபோய் எறும்பு வந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளையாகப் புழு நெளிவதைப் பார்த்து அலற வேண்டாம்; பெரும்பாலும் அவை மட்கும் வேலையை விரைவுபடுத்துபவைதான். எலும்பும் மீதிக் குழம்பும் மட்டும் தொடக்கத்தில் வேண்டாம். ஒரு தொட்டி நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறினால், ஏழெட்டு வாரத்தில் முதல் தொட்டியில் கறுத்துப் பொலபொலவென்று உரம் இருக்கும்.

சருகுக்கு எங்கே போவது? தினமும் காலையில் பெருக்கி மூலையில் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதுதான். கொளுத்துவதை நிறுத்தினால் தொட்டிக்கு வேண்டிய சருகு கிடைத்துவிடும்.

உலர் குப்பையில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பெரிது. பால் கவரை வெட்டும்போது மூலைத் துண்டைத் தனியாகத் துண்டிக்காமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சிறு துண்டை எந்தக் கடைக்காரரும் பொறுக்கி எடுக்க முடியாது. அது மண்ணிலும் வாய்க்காலிலும்தான் சேரும். கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர்காரர் வாங்கிக்கொள்வார். நாப்கினையும் குழந்தைகளின் டயாப்பரையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் பிளேடுக்கும் அதே மரியாதை. பிரிக்காத பையை யாரோ ஒருவர் வெறுங்கையால் பிரிக்கிறார். பேட்டரி, டியூப்லைட், கெட்டுப்போன சார்ஜர் வகையறாவுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி வையுங்கள். நிரம்பியதும் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கலாம்.

இங்கே செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டைப் பெட்டி, பாட்டில் விற்ற காசு இன்று உங்கள் ஹவுஸ்கீப்பிங் ஊழியருக்குப் போகிறது என்றால், திட்டம் நன்றாக நடக்கத் தொடங்கியதும் அதைச் சங்கக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். உரத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது கூடுதல் வேலை; அதற்குக் கூடுதல் சம்பளமும் கையுறையும் கொடுங்கள். திட்டம் போடும் கூட்டத்தில் அவரையும் உட்கார வையுங்கள். நம் சங்கங்களின் செயற்குழுவில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். குப்பையைக் கையால் தொடுபவர்களோ வீட்டுப் பெண்களும், வேலைக்கு வரும் அக்காக்களும், தூய்மைப் பணியாளர்களும். தொடுகிறவர்களைக் கேட்காமல் எழுதிய திட்டம் மூன்றாவது மாதம் படுத்துவிடும்.

மூன்றாவது, விசேஷங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் அந்தத் தடைக்குள் வருகின்றன. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. இருந்தும் நம் பார்ட்டி ஹாலில் ஒரு பிறந்தநாள் விழா முடிந்தால் என்னென்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். சங்கப் பணத்தில் நூறு எவர்சில்வர் தட்டும் நூறு டம்ளரும் வாங்கி வைத்தால் பத்து வருஷம் ஓடும். கழுவுகிறவருக்குரிய கூலியை ஹால் வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு வாழை இலை இருக்கவே இருக்கிறது. சாப்பிட்டதும் அதுவும் உரத் தொட்டிக்குப் போகும். போகிக்குப் பழைய பாயையும் டயரையும் கொளுத்தி ஊரைப் புகையில் மூடுவதற்குப் பதில், மார்கழிக் கடைசியில் ஒரு சேகரிப்பு நாள் வையுங்கள். துணி ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். 2018 போகி அன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்குப் புகை இருந்தது. அது எங்கிருந்தோ வந்த புகை அல்ல.

இனி நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள். “நாம் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?” சில இடங்களில் அப்படி நடப்பது உண்மை. ஆனால் ஈரக் குப்பை உங்கள் தொட்டியிலும் உலர் குப்பை பேப்பர்காரரிடமும் போய்விட்டால் லாரியில் கலக்க மிஞ்சுவது மிகக் கொஞ்சம். “வாடகைக்கு இருப்பவர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள்.” வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு பக்கத்தில் வளாக விதிகளைச் சேர்த்துக் கொடுங்கள், சாவி வாங்கும் நாளில் சொன்னால் கேட்பார்கள், ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் திட்டினால் கேட்க மாட்டார்கள்.

“மாசு செய்வது பெரிய ஆலைகள், நம் பால் கவரா உலகத்தைக் கெடுக்கிறது?” இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில் சேரும் அனல்மின் நிலையச் சாம்பலை நம் உரத் தொட்டி தீர்க்காது. ஆனாலும் ஒன்று கவனியுங்கள். ஐம்பது குடும்பங்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கணக்குப் பார்த்து, கருத்து வேறுபட்டு, கடைசியில் ஒரு முடிவெடுத்து அதை நடத்திக் காட்டும் பழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. அந்தப் பழக்கம் உரத் தொட்டியில் தொடங்கினால், தெரு மழைநீர் வடிகால் ஏன் கடலை நோக்கி இறங்காமல் மேடேறிப் போகிறது, பக்கத்து ஏரிக் கரையில் எப்படிக் கட்டடம் எழுந்தது என்று வட்டார அலுவலகத்தில் போய்க் கேட்கும் இடத்துக்கு வந்து நிற்கும். தனி ஆள் கொடுக்கும் மனு மேசையிலேயே கிடக்கும். பத்துச் சங்கங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் வசதிக்காகத் தீர்மான வாசகங்களையும் எழுதித் தருகிறேன். உங்கள் கட்டடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்.

தீர்மானம் 1: ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் மழைநீர்க் குழாய்கள், குழிகள், கிணறு ஆகியவற்றைச் சுத்தம் செய்து, புகைப்படத்தோடு பொதுப் பலகையில் அறிக்கை ஒட்ட வேண்டும். இதற்கான தொகை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் ஒதுக்கப்படும். தண்ணீர் மீட்டர் பொருத்துவதற்கான விலைப்புள்ளிகள் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்.

தீர்மானம் 2: ஈரம், உலர், சுகாதாரக் கழிவு எனப் பிரிக்காத குப்பையை ஊழியர் வாங்க மாட்டார்; வாங்க மறுத்ததற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. உரத் தொட்டிப் பராமரிப்புக்கு அவருக்குத் தனிப் படி வழங்கப்படும். உலர் குப்பை விற்ற பணம் அவருக்கே.

தீர்மானம் 3: வளாகத்துக்குள் சருகு கொளுத்துவதற்கும், பொது நிகழ்ச்சிகளில் ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, கப், தண்ணீர் பாட்டில்களுக்கும் அனுமதி இல்லை. சங்கத்தின் பாத்திரங்கள் உறுப்பினர்களுக்கும் வாடகைதாரர்களுக்கும் ஒரே கட்டணத்தில் கிடைக்கும்.

மூன்றும் ஒரே கூட்டத்தில் நிறைவேறாமல் போகலாம். அப்படியானால் முதல் தீர்மானத்தை மட்டுமாவது நிறைவேற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை நம் பொதுக்குழுத் தேதிக்காகக் காத்திருக்காது. மற்ற இரண்டையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போடுங்கள், பார்க்கிங் தகராறுக்கு முன்னால். பார்க்கிங் பேச்சு தொடங்கிவிட்டால் பிறகு வேறு எதற்கும் நேரம் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டும் ஓர் உறுப்பினர்